மூன்றடிப் படத்துக்கு ஒரு டயட்டம்: 40-ஆ, 100-ஆ, 20-இல் கட்டம் கட்டமாகவா?

கடலூர் முதுநகரில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் என் சித்தி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். “அண்ணே, கண்காட்சிக்கு மூணுக்கு மூணு அடியில ஒரு படம் வேணும். நம்ம உப்பனாத்து டயட்டம் ஒண்ணு, முழுசா, ஒவ்வொரு ஓட்டையும் தெரியற மாதிரி. நூறு எக்ஸ்ல துண்டு துண்டா எடுத்து ஒட்டிடலாம்ல?”

பள்ளியில் ஒரு மைக்ரோஸ்கோப் இருக்கிறது, அவள் கையில் போன் இருக்கிறது, என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று இருக்கிறது. நான் கல்லூரி விலங்கியல் லேபில் 30 வருஷம் உதவியாளனாக ஸ்லைடு துடைத்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்தக் கண்ணாடிப் பாசிகளைப் படம் பிடிப்பதே பொழுதுபோக்கு. டயட்டம் என்பது ஒரு செல் பாசி. தன்னைச் சுற்றி சிலிக்காவில் ஒரு டப்பாவும் மூடியும் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருப்பது. செல் செத்தாலும் டப்பா மிஞ்சும். அந்த டப்பாவின் மேல் இருக்கும் ஓட்டைகளும் கோடுகளும்தான் நாம் படம் எடுக்க ஆசைப்படுவது.

“சரி, ஒட்டிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதே வேலையை 100-இல் செய்து மூன்று வாரம் வீணாக்கியவன் நான். அதனால் அவளுக்கு மூன்று வழி சொன்னேன். ஒன்று, காஸ்கினோடிஸ்கஸ் என்கிற வட்டத் தட்டு போன்ற பெரிய டயட்டத்தை 40 எக்ஸில், அதாவது 40 மடங்கு பெரிதாக்கும் அப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு நேர் மேலே இருக்கும் லென்ஸ்), ஒரே சட்டத்தில் எடுப்பது. இரண்டு, அதையே 100 எக்ஸ் எண்ணெய் அப்ஜெக்டிவில், லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் எண்ணெய்த் துளி வைத்து, ஆறு துண்டாக எடுத்து ஒட்டுவது. மூன்று, ஒற்றை டயட்டத்தை விட்டுவிட்டு, ஸ்லைடில் டயட்டங்கள் சிதறிக் கிடக்கும் இரண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் பரப்பை அப்படியே 20 எக்ஸில் 20 கட்டமாக எடுப்பது.

இரண்டு வார்த்தைகளை முதலில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக்கிங் ஆழத்துக்கு, ஸ்டிட்சிங் அகலத்துக்கு. மைக்ரோஸ்கோப்பில் ஒரு சமயத்தில் மெல்லிய ஒரு தளம்தான் ஃபோகஸில் இருக்கும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையாக இருக்கும் பகுதியை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது ஸ்டாக்கிங். ஸ்லைடையே பக்கவாட்டில் நகர்த்தி எடுத்த படங்களை ஓரத்தோடு ஓரம் இணைப்பது ஸ்டிட்சிங். இரண்டும் சேரும்போது படங்களின் எண்ணிக்கை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். இதை மறந்துதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம்.

வெளிச்சம் எவ்வளவு தரும்?

அப்ஜெக்டிவின் பக்கவாட்டில் 40/0.65 என்று பொறித்திருக்கும். எல்லோரும் 40-ஐப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது 0.65. அதுதான் என்.ஏ., அதாவது அந்த லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு. எர்ன்ஸ்ட் அபே 1873-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் மாறவில்லை: ஒளியின் அலைநீளத்தை என்.ஏ.-வின் இரு மடங்கால் வகுத்தால், பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி வரும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், 10/0.25 அப்ஜெக்டிவுக்கு 1.1 மைக்ரான், 20/0.40-க்கு சுமார் 0.7, 40/0.65-க்கு 0.42, 100/1.25-க்கு 0.22.

இப்போது 200 மைக்ரான் அகலமுள்ள ஒரு காஸ்கினோடிஸ்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிரியக்கூடிய ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு பிக்சல் போதும். அப்படியானால் அந்தத் தட்டின் குறுக்கே உண்மையான தகவல் உள்ள பிக்சல்கள் 10 எக்ஸில் 360-தான். 20-இல் 580, 40-இல் 950, 100-இல் 1,800. கேமரா 24 மெகாபிக்சலாக இருந்தாலும், அந்தத் தட்டை 60 துண்டாக எடுத்து ஒட்டினாலும் இந்த எண்கள் நகராது. தேங்காயில் மூன்றாம் பால் வரைக்கும் பிழியலாம். அதற்கு மேல் பிழிந்தால் நாம் ஊற்றிய தண்ணீர்தான் திரும்பி வரும்.

ஃப்ளெக்ஸ் கடைப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். நான் போகும் கடையில் 72 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி, போதும் என்பார்கள். மூன்றடிக்கு அது 2,592 பிக்சல். 40 எக்ஸ் படத்தில் நம்மிடம் உண்மையாக இருப்பது 950, ஆகவே ஒவ்வொரு உண்மைப் புள்ளியும் ஃப்ளெக்ஸில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரியும். நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரிக்கும் என்று கொண்டால், பத்தடிக்குச் சற்று அதிக தூரத்தில் நின்றால்தான் அந்தப் படம் கூர்மையாகத் தெரியும். 100 எக்ஸில் புள்ளி அரை மில்லிமீட்டர். ஆறடி தள்ளி நின்றால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஆறடி தள்ளி நின்று ஒரு படத்தைப் பார்ப்பார்களா? மூக்கை ஒட்டிக்கொண்டுதான் பார்ப்பார்கள். இந்த ஒரு கேள்விதான் கடைசியில் முடிவைத் தீர்மானித்தது.

100 எக்ஸ் கேட்கும் கூலி

கணக்குப்படி 100 எக்ஸ் இரண்டு மடங்கு விவரம் தருகிறது. அதற்கு அது கேட்கும் விலை இரண்டு மடங்கு அல்ல.

ஃபோகஸ் ஆழம் என்.ஏ.-வின் வர்க்கத்தோடு குறையும். 20/0.40-இல் 3.4 மைக்ரான், 40/0.65-இல் 1.3, எண்ணெயோடு 100/1.25-இல் அரை மைக்ரான். என் ஸ்லைடில் இருந்த காஸ்கினோடிஸ்கஸ் மூடி லேசாக உப்பலானது. நடுவுக்கும் ஓரத்துக்கும் சுமார் 20 மைக்ரான் வித்தியாசம். 40-இல் ஒரு மைக்ரான் ஒரு மைக்ரானாக இறங்கினால் 20 படம். 100-இல் 0.4 மைக்ரானாக இறங்க வேண்டும், 50 படம். அதோடு 100-இல் தட்டு முழுதாக நல்ல பகுதிக்குள் அடங்காது. என் டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சாரில் விழும் பரப்பு சுமார் 235-க்கு 156 மைக்ரான், அதிலும் சாதாரண அக்ரோமாட் லென்ஸில் நடுப்பகுதிதான் தேறும். ஆகவே ஆறு துண்டு. ஆறு ஐம்பது முந்நூறு. அங்கே 20, இங்கே 300.

இதில் ஒவ்வொரு படியும் கையால். என் மைக்ரோஸ்கோப்பின் ஃபைன் ஃபோகஸ் திருகில் ஒரு கோடு 2 மைக்ரான். 40-க்கு அரைக் கோடு நகர்த்துவது பழகிவிடும். 100-க்கு ஐந்தில் ஒரு கோடு நகர்த்த வேண்டும்; அது விரலின் வேலை இல்லை, மூச்சை அடக்கிக்கொள்ளும் வேலை. ஸ்டெப்பர் மோட்டாரும் ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டும் வைத்துத் திருகைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதி குறையும். என் தங்கைக்கு மோட்டார் இல்லை, காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு இருக்கிறது.

அப்புறம் எண்ணெய். துண்டு மாற்ற ஸ்டேஜை (ஸ்லைடு உட்காரும் மேடை) நகர்த்தும்போது எண்ணெய், மேலே மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைப் பிடித்து இழுக்கும். ஓரத்தில் நெயில் பாலிஷ் அடைக்காத ஸ்லைடு என்றால் கவர் ஸ்லிப் நகர்ந்து, அடுத்த துண்டு முந்தைய துண்டோடு சேராது. இன்னொன்று, அந்த 0.22 மைக்ரான் கணக்கு, ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் கன்டென்சரும் அதே அகலத்துக்கு ஒளி கொடுத்தால்தான் பலிக்கும். கன்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் காற்று இருக்கும்வரை அதன் என்.ஏ. ஒன்றைத் தாண்டாது. அங்கேயும் எண்ணெய் வைக்கப் பள்ளி லேபில் யாருக்கும் மனசு வராது, துடைக்கப்போவது யார்? ஆக, கையில் கிடைப்பது 0.25 மைக்ரான் பக்கம். இரண்டு மடங்கு என்றது ஒன்றே முக்கால் மடங்காகிவிட்டது.

நான் மூன்று வாரம் தொலைத்த கதையும் இதுதான். முந்நூறு படத்தை எடுத்து முடித்துவிட்டு ஒட்டினால் தட்டின் மேல் சதுரங்கப் பலகை போல வெளிச்சக் கட்டங்கள். கேமராவில் வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் கிடந்திருக்கிறது. அதைத் திருத்தி மறுபடி எடுத்தபோது, இணையத்தில் ‘பிளான்’ (ஓரம்வரை ஒரே தளத்தில் ஃபோகஸ் ஆவது) என்று சொல்லி ஒரு கடை விற்ற அப்ஜெக்டிவின் ஓரம் நடுவோடு ஃபோகஸில் சேராமல் வளைந்திருந்தது தெரிந்தது. திருப்பி அனுப்பும் தேதியும் முடிந்துவிட்டது. சரி, போகட்டும்.

ஸ்டாக் சொல்லும் பொய்

40 எக்ஸோ 100 எக்ஸோ, ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காஸ்கினோடிஸ்கஸின் ஓட்டை வரிசையை மேலிருந்து மெதுவாக ஃபோகஸ் செய்து பாருங்கள். முதலில் ஒவ்வொரு ஓட்டையும் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஒரு மைக்ரானோ ஒன்றரையோ இறக்கினால் அதே இடம் கறுப்புப் புள்ளியாகிவிடும், சுற்றியுள்ள சுவர் வெளுக்கும். இரண்டும் ‘கூர்மையாகவே’ இருக்கும். ஸ்டாக்கிங் மென்பொருளுக்கு எது உண்மை என்று தெரியாது. கான்ட்ராஸ்ட் எங்கே அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். விளைவு, ஒரு பகுதியில் வெள்ளைப் புள்ளி, பக்கத்திலேயே கறுப்புப் புள்ளி, நடுவில் இரண்டும் கலந்த ஒரு புதுக் கோலம். பார்க்க அழகாக இருக்கும். அப்படி ஒரு ஓட்டை வரிசை அந்த டயட்டத்தில் கிடையாது.

முழு டப்பாவாக, மேல்மூடியும் கீழ்மூடியும் சேர்ந்திருக்கும் டயட்டம் என்றால் இன்னும் மோசம். மேலே ஒரு ஓட்டை வரிசை, கீழே ஒன்று. ஸ்டாக் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிடும். இரண்டு கொசுவலையை ஒன்றாகப் பிடித்தால் அலை அலையாக ஒரு கோலம் தெரியுமே, அதே மாதிரி. இதற்கு மருந்து எளிது: ஆழம் முழுவதையும் ஸ்டாக் செய்யாதீர்கள். மேல்மூடிக்கான படங்களை மட்டும், அதிலும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுங்கள். என்னுடைய 20 படத்தில் 13-தான் உள்ளே போனது. அந்தப் பதிமூன்றில் வந்த படம் இருபதில் வந்ததைவிடச் சுமாராகத்தான் ‘பளிச்’ என்றிருந்தது. ஆனால் அது டயட்டத்தின் படம்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீரீன் ஸ்டாக்கரும் ஹெலிகான் ஃபோகஸும் காசுக்கு, இரண்டையும் 30 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். கண்காட்சிக்கு அதுவே போதும். பிகோலே இலவசம். சீரீனில் பிமேக்ஸ், டிமேப் என்று இரண்டு வழி இருக்கிறது. பிமேக்ஸ் நுண்கோடுகளை விடாமல் பிடிக்கும், கூடவே இரைச்சலையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றும். டிமேப் நிறத்தை அப்படியே வைத்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் விளிம்புகளில் தடுமாறும். கட்டம் கட்டமாக ஒட்டப்போகிறீர்கள் என்றால் எதை எடுத்தாலும் எல்லாக் கட்டத்துக்கும் அதையே எடுங்கள்.

மூன்றாவது வழி: 20 எக்ஸ், 20 கட்டம்

இரண்டு மில்லிமீட்டர் பரப்பு என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நன்றாகச் சுத்தம் செய்த ஒரு துளியில் அதற்குள் நூற்றுக்கணக்கான டயட்டங்கள் கிடக்கும்: வட்டத் தட்டுகள், எஸ் போல வளைந்த ப்ளூரோசிக்மா, படகு மாதிரி நவிகுலா, ஊசி மாதிரி நிட்ஸ்கியா, உடைந்த சில்லுகள். இங்கே கணக்கு தலைகீழாகிறது. 20/0.40-இல் ஒரு பிக்சலுக்கு 0.34 மைக்ரான் என்று எடுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு 5,800 உண்மைப் பிக்சல்கள். மூன்றடிக்கு 150 டிபிஐ வேண்டுமென்றால் 5,400. அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. பையன் மூக்கை ஒட்டிப் பார்த்தாலும் படம் தாங்கும். பொருள் பெரிதாக இருக்கும்போதுதான் ஸ்டிட்சிங் உண்மையில் எதையாவது சம்பாதித்துக் கொடுக்கிறது.

10 எக்ஸிலேயே நாலு துண்டில் முடித்துவிடலாமே என்று அவளே கேட்டாள். நல்ல கேள்வி. 10/0.25-இல் அதே பரப்புக்கு 3,600 பிக்சல் தேறும். ஃப்ளெக்ஸின் 2,592-க்கு அது தாராளம். 72 டிபிஐ ஃப்ளெக்ஸ்தான் அடிக்கப்போகிறோம் என்றால் 10 எக்ஸ் போதும். அதற்கு மேல் உழைப்பது வீண். ஆனால் காஸ்கினோடிஸ்கஸின் ஓட்டைகள் இரண்டு மைக்ரான் இடைவெளியில் இருப்பவை. 1.1 மைக்ரான் பிரிக்கும் லென்ஸில் அவை தெரியும், ஆனால் மங்கலாக, கஞ்சிக்குள் பருக்கை மாதிரி. 20-இல் தனித்தனியாக நிற்கும். ப்ளூரோசிக்மாவின் கோடுகள் சுமார் அரை மைக்ரான் இடைவெளி; அவை 20-இலும் தெரியாது, நல்ல 40-இல்தான் வரும். உங்கள் 40 தேறுமா என்று சோதிக்க அதைவிட நல்ல ஸ்லைடு கிடையாது.

20 எக்ஸில் சென்சாரில் விழுவது சுமார் 1.17-க்கு 0.78 மில்லிமீட்டர். ஓரத்தை வெட்டிவிட்டு 0.8-க்கு 0.55 மட்டும் நம்பலாம். அடுத்த கட்டத்தோடு 30 சதவீதம் மேலேறும்படி வைத்தால் நாலு பத்தி, ஐந்து வரிசை, மொத்தம் 20 கட்டம். டயட்டங்கள் கவர் ஸ்லிப்பில் படிந்து கிடப்பதால் ஆழம் குறைவு. கட்டத்துக்கு எட்டுப் படம். மொத்தம் 160. எண்ணிக்கை 100 எக்ஸின் முந்நூறில் பாதிதான், ஆனால் ஒவ்வொரு படியும் ஒன்றரைக் கோடு. விரல் நடுங்க வேண்டியதில்லை, எண்ணெய் இல்லை.

எதை முதலில் செய்வது? ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்டாக் செய்து முடித்துவிட்டு, பிறகு ஒட்டுவதுதான் சரி. ஒவ்வொரு ஃபோகஸ் அடுக்கையும் முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் ஸ்டாக் செய்யலாமே என்று நினைத்து நான் முயன்றிருக்கிறேன். ஃபோகஸில் இல்லாத அடுக்கில் எல்லாம் புகைமூட்டம். ஒட்டும் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூட அகப்படாது. இன்னொரு காரணம், ஸ்லைடு ஒருபோதும் சமமாக உட்காராது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பத்து மைக்ரான் சாய்வு சாதாரணம். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோகஸை மறுபடி கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள், பழைய எண்ணை நம்பாதீர்கள்.

ஒட்டுவதற்கு ஹ்யூகின் இலவசம். ஆனால் அது கேமரா நின்ற இடத்திலேயே சுழன்று எடுத்த பனோரமா என்று நினைத்துக்கொள்ளும்; நம்முடையதில் நகர்வது ஸ்லைடு. மொசைக் முறைக்கு மாற்றாவிட்டால் படம் அப்பளம் மாதிரி வளையும். போட்டோஷாப் இருந்தால் போட்டோமெர்ஜில் ரீபொசிஷன் போதும். மைக்ரோசாஃப்டின் ஐசிஇ சுலபமாக இருந்தது, அதை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

கேமராவும் வெளிச்சமும்

ஐபீஸ் (நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) குழாயில் செருகும் மலிவு யுஎஸ்பி கேமராவைவிட, ஐபீஸின் மேல் ஒழுங்காகப் பிடித்த போன் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போனின் குறை வேறு இடத்தில்: அது ஒவ்வொரு படத்தையும் தானாகவே கூர்மையாக்கி, இருட்டை வெளுத்துக் கொடுக்கும். அப்படி ‘அலங்காரம்’ செய்த எட்டுப் படத்தை ஸ்டாக் செய்தால் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு. ஐஎஸ்ஓ, ஷட்டர், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டக்கூடிய ஒரு ஆப் வேண்டும்; ரா கோப்பு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி துள்ளும் அதிர்வே படத்தைக் கலைக்கும், லைவ் வியூவில் வைத்து டைமர் போட்டு எடுக்க வேண்டும். என் கேமராவை மைக்ரோஸ்கோப் தலையில் உட்கார வைக்கும் வளையங்களைப் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்தான் பொறுக்கினேன். பழைய எக்ஸ்டென்ஷன் டியூப், உள்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டியது. அந்தப் பக்கம் போனால் லென்ஸ் பரப்பிய ஆளிடம் சும்மா நின்று பார்க்காமல் வர என்னால் முடியாது.

பள்ளி மைக்ரோஸ்கோப் கண்ணாடி வைத்தது என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். எட்டுப் படம் எடுப்பதற்குள் ஒரு மேகம் கடந்துவிடும், ஒட்டும்போது அந்த மேகம் படத்தில் தங்கிவிடும். பவர் பேங்கில் ஓடும் சின்ன எல்இடி போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஒன்றும் இல்லாத வெற்றிடத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஓரத்து மங்கலை எல்லாக் கட்டத்திலிருந்தும் பின்னால் கழித்துவிடலாம்.

ஃபேன் இன்னொரு எதிரி. மே மாதக் கடலூரில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்வது தவம். ஆனால் ஃபேன் ஓடும்போது மேசையும் ஓடுகிறது, 20 எக்ஸில் அது கண்ணுக்கே தெரியும். விடிகாலை ஐந்து மணிக்கு உட்காருங்கள். பஸ்ஸும் குறைவு, வியர்வையும் குறைவு.

வெள்ளைப் பின்னணியா, கறுப்பா என்பதில் எனக்குத் தயக்கமில்லை: கண்காட்சிக்குக் கறுப்பு. கன்டென்சருக்குக் கீழே ஃபில்டர் வைக்கும் இடத்தில், நடுவில் கறுப்புக் காகித வட்டம் ஒட்டிய கண்ணாடித் துண்டை வைத்தால் டார்க்ஃபீல்ட் தயார். டயட்டங்கள் இருட்டில் நீலமும் பொன்னுமாக மின்னும். 20 எக்ஸ் வரைக்கும் இந்த வித்தை நன்றாக வேலை செய்யும். 40-க்கு வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், வெளிச்சம் போதாமல் போகும். வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளிச் சண்டையும் இதில் குறைவு.

ஸ்லைடு சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை

படம் எடுக்கும் நேரத்தைவிட ஸ்லைடு செய்யும் நேரம்தான் அதிகம். நீர் வற்றிய நேரத்தில் உப்பனாற்று ஓரச் சேற்றின் மேல், வெல்லப்பாகு தடவியது போலப் பழுப்பாக ஒரு மினுமினுப்பு இருக்கும். அதை மட்டும் ஸ்பூனால் வழித்தால் போதும், சேற்றைத் தோண்டக் கூடாது. நவிகுலா, ப்ளூரோசிக்மா எல்லாம் அங்கே. காஸ்கினோடிஸ்கஸ் கடலில் மிதப்பது. ஏற்றத்தின்போது முகத்துவாரத்துத் தண்ணீரில் வரும், மெல்லிய வலைத்துணியில் வடிகட்டினால் கிடைக்கும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தது பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்துக்கு மாணவர்களோடு போன ஒரு பயணத்தில். அங்கே ஒருவர் கண்ணை எடுக்காமல் டயட்டம் எண்ணிக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருப்பதை ஸ்டாக் செய்ய முடியாது. நவிகுலா போன்றவை தாமாக வழுக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். எட்டாவது படத்தில் ஆள் வேறு இடத்தில் இருப்பார். ஆகவே சுத்தம் செய்ய வேண்டும். உப்பு போக நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, சிப்பித் தூள் கரைய வினிகரில் ஒரு நாள், மறுபடி கழுவி, அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு. 30 சதவீதம் தோலைப் பொசுக்கும், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதமே பொறுமை இருந்தால் வேலை செய்யும். மூடியை இறுக்காமல் வெயிலில் ஒரு வாரம், இடையிடையே புதிதாக ஊற்றி. பழுப்பு போய் அடியில் வெள்ளை மாவு மாதிரி தங்கினால் ஆயிற்று. கடைசிக் கழுவல் டிஸ்டில்ட் வாட்டரில். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படிகம் டயட்டத்தைவிட அழகாக வளர்ந்து நிற்கும்.

அடுத்தது, எதில் மூடுவது. நம் ஊர் லேப்களில் கவர் ஸ்லிப்பை ஒட்ட இருப்பது டிபிஎக்ஸ் என்கிற பிசின். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, டயட்டம் சிலிக்காவுக்கு 1.43 முதல் 1.46 வரை. இரண்டும் இவ்வளவு நெருங்கினால் டயட்டம் பேய் மாதிரி மறைந்துவிடும். இதற்கென்றே செய்த நாப்ராக்ஸின் எண் 1.7 பக்கம்; அருமை, ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இருப்பதிலேயே மலிவான பொருளின் எண் 1.0. அது காற்று. துளியைக் கவர் ஸ்லிப்பில் விட்டுக் காயவைத்து, அப்படியே கவிழ்த்து, ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்துவிட்டால் கான்ட்ராஸ்ட் அள்ளும். 20-க்கும் 40-க்கும் இதுவே என் தேர்வு. 100-க்கு மட்டும் அந்தக் காற்று இடைவெளி கன்டென்சர் ஒளியைக் கட்டிப்போடும். 100-ஐ நான் ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடு தயாரானதும் லென்ஸ்களை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். கடற்காற்று பூஞ்சைக்கு ரொம்பப் பிடிக்கும். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் ஈரத்தில் கிடந்த என் 40 எக்ஸுக்குள் சிலந்திவலை போல ஒன்று படர்ந்தது, அது போகவே இல்லை.

ஆக, தங்கைக்கு நான் சொன்னது இது. பெரிய படம் 20 எக்ஸ், 20 கட்டம், கறுப்புப் பின்னணி. ஃப்ளெக்ஸ் வேண்டாம், போட்டோ காகிதத்தில் 150 டிபிஐ. கீழ் மூலையில் ஓரடிக்கு, 40 எக்ஸில் எடுத்த ஒற்றைக் காஸ்கினோடிஸ்கஸ். ஓரடியில் 950 பிக்சல் என்றால் 80 டிபிஐ, சின்னப் படத்துக்கு அது பொறுக்கும். உயிரியல் பிரிவில் ஒரு இனத்தின் ஓட்டைகளை எண்ணி அடையாளம் காண வேண்டிய மாணவி கேட்டிருந்தால் 100-ஐத்தான் சொல்லியிருப்பேன், ஒட்டாமல், நடுப்பகுதி ஒரே சட்டமாக. கேட்டது கண்காட்சி.

அவள் கிராஃப் நோட்டில் 20 கட்டம் போட்டு, முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று ஏர் ஓட்டுவதுபோல டிக் அடித்துக்கொண்டே எடுத்திருக்கிறாள். நேற்று ராத்திரி ஸ்டாக் செய்த படங்களை அனுப்பினாள். ஒட்டிப் பார்த்தால் நான்காவது வரிசையில் வலமிருந்து இரண்டாவது இடம் காலி. 14-ஆவது ஃபோல்டரில் 13-ஆவது கட்டமே மறுபடி இருக்கிறது. டிக் அடித்தவள் ஸ்டேஜை நகர்த்த மறந்திருக்கிறாள். “ஸ்லைடை இன்னும் ஸ்டேஜ்லேர்ந்து எடுக்கலண்ணே” என்றாள். நாளை விடியற்காலை, வாட்ச்மேன் லேபைத் திறந்துவிட்டதும், அந்த எட்டுப் படங்களை மட்டும் எடுக்கப் போகிறாள்.